ஓர் எண்ணுக்குப் பாராட்டு விழா எடுப்பது எப்படி?

மனிதர்களுக்குப் பாராட்டு விழா எடுப்பதில் உள்ள தொல்லைகள் ஊரறிந்தவை. நாயகர் நேரத்துக்கு வரமாட்டார். வந்தால் மைக்கை விடமாட்டார். போர்த்திய பொன்னாடையை இரண்டு விரலால் தடவியே விலையைக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த ஆண்டு எந்தக் கட்சியில் இருப்பார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. எண்களிடம் இந்த வம்பே கிடையாது. ஏற்புரை கேட்காது, கட்சி மாறாது, நேற்று எத்தனை காரணிகள் இருந்தனவோ இன்றும் அத்தனையே. ஆகவே, யாருக்காவது விழா எடுத்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருக்கும் அமைப்பாளர்களுக்காக இந்தக் கையேடு.

நாயகரைத் தேர்ந்தெடுத்தல்

பத்துக் கோடி, நூறு கோடி என்று உருண்டையான எண்களின் பக்கம் போகாதீர்கள். பின்னால் எத்தனை பூஜ்யம் தொங்கினாலும் அவற்றின் வம்சம் 2, 5 என்ற இரண்டே பேரோடு முடிந்துவிடும். அரை மணி நேர வாழ்த்துரைக்குத் தாங்காது. மிகச் சிறிய எண்களும் வேண்டாம், அவற்றுக்கு ஏற்கெனவே விழா எடுத்தாகிவிட்டது. 1729 என்று வாயெடுத்தாலே கூட்டம் ராமானுஜன், டாக்சி, மருத்துவமனை என்று உங்களுக்கு முன்னால் கதையை முடித்துவிடும்.

இந்தக் கையேட்டுக்கு நாம் எடுத்துக்கொள்ளும் நாயகர் 4294967297. மேடையில் ஒருமுறையாவது முழுப்பெயரையும் தடுமாறாமல் சொல்லியாக வேண்டும்: நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. வீட்டில் மூச்சுப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். பத்து இலக்கம் என்பதால் அழைப்பிதழில் இதைப் பார்த்துவிட்டு யாராவது தொடர்புக்கான கைபேசி எண் என்று நினைத்துவிடலாம். நம் நாட்டுக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையான இலக்கங்களில்தான் தொடங்கும் என்று விளக்கி அனுப்பிவிடுங்கள்.

வாழ்த்துரை

வாழ்த்துரைக்குக் குணநலன்கள் வேண்டுமே என்று கலங்க வேண்டாம். எந்தப் பெரிய எண்ணைப் பிடித்து உலுக்கினாலும் இருபது குணமாவது உதிரும். இலக்கங்களைக் கூட்டுங்கள்: 59. ‘ஐம்பத்தொன்பது ஒரு பகா எண்!’ என்று அறிவித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினால் கைதட்டல் வரும். அதனால் நாயகருக்கு என்ன பெருமை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். 5ஐயும் 9ஐயும் கூட்டினால் 14, அதையும் கூட்டினால் 5. எண் சோதிடர் ஒருவரை மேடையில் உட்கார வைத்திருந்தால், ஐந்து புதனுக்குரியது, வாக்குவன்மை உண்டு, வியாபாரம் கைகூடும் என்று பத்து நிமிடத்தை அவரே பார்த்துக்கொள்வார். அந்த 5 என்பது நாயகரை ஒன்பதால் வகுத்தால் கிடைக்கும் மீதி, அவ்வளவுதான். உலகத்தில் உள்ள எண்களில் ஒன்பதில் ஒரு பங்கு புதனுக்குச் சொந்தம் என்பதை விழா முடிந்து அவரை வழியனுப்பும் வரை சொல்லாதீர்கள்.

அடுத்து, உடை மாற்றிப் பாருங்கள். நாயகரை இரும முறையில் எழுதினால் முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 1, நடுவில் 31 பூஜ்யங்கள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே, அசல் மாலைமாற்று. இதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தலாம், தவறில்லை. ஆனால் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். எந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணை அடிமானமாக வைத்து எழுதினால் 11 என்றுதான் வரும், அதுவும் மாலைமாற்றுதான். இந்த வித்தை வெளியே தெரிந்தால் பக்கத்துத் தெரு எண்ணெல்லாம் பொன்னாடை கேட்டு வரிசையில் நிற்கும்.

மேடையில் சொல்லக்கூடாத ஒன்றும் உண்டு. தன்னைத் தவிர நாயகரின் மற்ற காரணிகளையெல்லாம் கூட்டினால் 67,01,059தான் தேறும். 429 கோடி மதிப்புள்ளவருக்கு 67 லட்சம்! கணிதத்தில் இத்தகையவருக்குக் குறை எண் என்றே பெயர். எண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் இந்தக் கதிதான் என்பதால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. விழா மலரில் போடாமல் விட்டுவிட்டால் போதும்.

குடும்ப வரலாறு

இங்கிருந்துதான் சரக்கு உண்மையிலேயே இருக்கிறது. இதுவரை சொன்னதெல்லாம் எந்த எண்ணுக்கும் இலவசமாகக் கிடைப்பவை. இனி வருவதற்கு யாரோ ஒருவர் உழைத்திருக்கிறார்.

நாயகரின் குலத்தில் மூத்தவர் 3. ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்த தலைமுறை பிறக்கும். 3இலிருந்து 5. 5இலிருந்து 17. பிறகு 257. பிறகு 65537. அதன் பிள்ளைதான் நம் நாயகர்: 65536இன் வர்க்கத்தோடு ஒன்று. வேறு விதமாகச் சொன்னால், இரண்டை 32 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டியவர்.

இந்தக் குலத்தை ஊருக்கு அறிமுகப்படுத்தியவர் பியர் டி ஃபெர்மா. பிரான்சின் டூலூஸ் நகரத்தில் நீதிமன்றப் பணி, ஓய்வு நேரத்தில் எண்கள். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்று பார்த்தவர், வம்சம் முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640இல் கடிதத்தில் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்பதையும், ஆனாலும் ஏறக்குறைய நம்பிவிட்டதையும் சேர்த்தே எழுதினார். மூத்தவர்கள் ஐந்து பேரைப் பார்த்து ஆறாவது ஆளுக்கு நற்சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் கணிதத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. குடும்பப் பெயர் அவ்வளவு கம்பீரமாக இருந்தது.

குடும்பப் பாசத்துக்கு ஒரு சான்றும் சொல்லி வைக்கிறேன். மூத்தவர்கள் அனைவரையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தவர் வந்துவிடுவார். 3×5=15, இரண்டைக் கூட்ட 17. 3×5×17=255, கூட்ட 257. இப்படியே போனால் 3×5×17×257×65537 = 4294967295; இரண்டைக் கூட்டினால் நம் நாயகர். இதன் விளைவு ஒன்று பின்னால் தேவைப்படும்: இந்தக் குடும்பத்தில் எந்த இருவருக்கும் பொதுவான காரணி இருக்க முடியாது. இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும், இவர்களோ எல்லோரும் ஒற்றைப்படை. ஒரே வீடு, தனித்தனிச் சமையல்.

நடுவே ஒரு மனக்கசப்பு

1729 டிசம்பர் 1ஆம் தேதி கோல்ட்பாக் என்பவர் 22 வயதுக் கணிதர் ஆய்லருக்குக் கடிதம் எழுதி, ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று கேட்டார். ஆண்டைக் கவனித்தீர்களா? நான் வேண்டாமென்று ஒதுக்கிய எண் வாசல் வழியாகவே உள்ளே வந்துவிட்டது. மேடையில் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள், ‘என்ன பொருத்தம்!’ என்று முன்வரிசை சிலிர்க்கும். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை. விழா மலர்களில் பாதி இப்படித்தான் நிரம்புகிறது.

ஆய்லர் முதலில் அதிகம் அக்கறை காட்டவில்லை. பிறகு பிடித்துக்கொண்டார். 1732இல் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில், 4294967297 பகா எண் அல்ல, அதை 641 மீதியின்றி வகுக்கும் என்று அறிவித்தார். 641 × 6700417. முடிந்தது. தொண்ணூற்றிரண்டு ஆண்டு நற்பெயர்.

அமைப்பாளர்கள் இந்த இடத்தில் பதறி விழாவை ரத்து செய்துவிடக்கூடாது. உண்மையில் நாயகரைப் பற்றிப் பேசத்தக்க ஒரே விஷயம் இதுதான். பகா எண்ணாக மட்டும் இருந்திருந்தால் அவர் பட்டியலில் ஆறாவது பெயர், அவ்வளவுதான்.

641ஐ எப்படிப் பிடிப்பது என்று பார்வையாளர்களுக்கு மேடையிலேயே செய்து காட்டுங்கள். பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்துக்கொண்டே போகலாம். 65536க்குக் கீழே 6542 பகா எண்கள் இருக்கின்றன; கூட்டம் எழுந்து போய்விடும். 641 என்பது 116ஆவது பகா எண், அதுவரை பொறுமையாக வகுத்தாலும் போதும், ஆனால் சாப்பாடு ஆறிவிடும். ஆய்லர் பின்னாளில் விளக்கிய வழி வேறு. இந்த எண்ணை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வர வேண்டும் என்று நிறுவினார். 64இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் ஐந்தே. நான்கு தோற்கும், ஐந்தாவது 641.

1878இல் பிரெஞ்சுக்காரரான லூகா இதை இன்னும் இறுக்கினார்: 64 போதாது, 128இன் மடங்கோடு ஒன்று. இப்போது 641 வரை உள்ள பகா எண்கள் 257உம் 641உம் மட்டும். 257 இதே குடும்பத்து ஆள். குடும்பத்துக்குள் பொதுக் காரணி கிடையாது என்று மேலே பார்த்தோம், அவரை விட்டுவிடலாம். ஆக முதல் முயற்சியே 641. நாற்பது நிமிட உரைக்குத் திட்டமிட்டிருந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வகுத்துப் பார்க்கவும் பத்து இலக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டு போதும். 2இன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அதன் வர்க்கம் 256, அதன் வர்க்கம் 65536. இதை 641ஆல் வகுத்தால் மீதி 154. 154இன் வர்க்கம் 23716. அதோடு நாயகரின் அந்தக் கடைசி ஒன்றைக் கூட்டுங்கள்: 23717. இது 641 × 37, மிச்சம் மீதி இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் இதைவிட அதிகமாகக் கணக்குப் போடுகிறார்.

இன்னொரு காரணியான 6700417 பகா எண்தானா என்று முன்வரிசையில் யாராவது கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், நல்ல கேள்வி. அதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேலே. லூகாவின் நிபந்தனைக்கு உட்பட்டு அந்த எல்லைக்குள் சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 என்ற நான்குதான். நான்கும் வகுக்காது.

இதில் என்னை உறுத்துவது ஃபெர்மாவின் பங்கு. அதே 1640இல் அவர் இரண்டின் 37ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணை எடுத்து, அதை வகுப்பவை 74இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாக இருக்க வேண்டும் என்று கண்டு, 223ஆல் உடைத்துக் காட்டியிருக்கிறார். அதே கத்தி, அதே ஆண்டு, அதே கை. இந்தக் குடும்பத்தின் மேல் மட்டும் அந்தக் கத்தி இறங்கவில்லை.

அவர் பெயரிலேயே இருக்கும் இன்னொரு சோதனையும் உண்டு: 2 அல்லாத ஒரு பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 2ஐ அத்தனை முறை பெருக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். நம் நாயகரை இந்தச் சோதனையில் உட்கார வைத்தால் முதல் வகுப்பில் தேறிவிடுவார்! அவர் மட்டுமல்ல, அவர் குலத்தில் பகாதவரும் பகுபட்டவரும் ஒருவர் விடாமல் தேறுவார்கள். அடிப்படையே இரண்டாக இருக்கும் குடும்பத்திடம் இரண்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் வேறென்ன நடக்கும்? 2க்குப் பதில் 3ஐ வைத்துக் கேட்டால் விழுந்துவிடுவார். எனவே ‘இரண்டை அடிமானமாகக் கொண்ட போலிப் பகா எண்’ என்ற பட்டத்தை நாயகருக்கு முறைப்படி வழங்கலாம். ‘போலி’ என்ற சொல்லைப் பட்டயத்தில் சிறிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

குழந்தைகள் நிகழ்ச்சி

விழா என்றால் குழந்தைகள் நிகழ்ச்சி இருந்தாக வேண்டும். 1812இல் லண்டனில் ஜீரா கோல்பர்ன் என்ற எட்டு வயது அமெரிக்கச் சிறுவனை மனக்கணக்கு வித்தைக்காக மேடையேற்றினார்கள். இந்த எண்ணை அவன் முன் வைத்தார்கள். தாளும் பேனாவும் இல்லாமல் 641ஐயும் 6700417ஐயும் சொன்னான். எப்படி என்று கேட்டபோது அவனால் அன்று விளக்க முடியவில்லை. ஆய்லரை அவன் படித்திருக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் ஊர்க் குழந்தைகளின் நடனத்தை வைத்தால் எடுபடாது, எனவே நடனத்தை முன்னால் முடித்துவிடவும்.

சிறப்புப் பட்டங்கள்

நாயகரை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: 65536இன் வர்க்கமும் 1இன் வர்க்கமும். இன்னொன்று: 62264இன் வர்க்கமும் 20449இன் வர்க்கமும். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். 20449 தானே 143இன் வர்க்கம் என்பது கூடுதல் அலங்காரம். நாலால் வகுத்து மீதி ஒன்று வரும் பகா எண்ணுக்கு இப்படி ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டு வழி இருந்தாலே ஆள் பகு எண் என்று அர்த்தம். அதாவது இந்த அழகே குற்றச்சாட்டுக்கும் சாட்சி. மலரில் அட்டைப்படத்துக்கு உகந்தது.

வடிவியல் துறைக்கும் ஒரு இருக்கை ஒதுக்குங்கள். 1796இல் 18 வயதுக் கணிதர் காஸ், கவராயமும் அளவுகோலும் கொண்டு 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரைய முடியும் என்று கண்டார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் வேண்டுமானால், அந்த எண் இந்தக் குடும்பத்துப் பகா எண்களாலோ அவற்றை ஒருமுறை மட்டும் பெருக்கிக் கிடைப்பவையாலோ ஆனதாக இருக்க வேண்டும். இன்று தெரிந்த பகா எண்கள் ஐந்து, ஆகவே பலகோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் 4294967295, நாயகரைவிட இரண்டு குறைவு. ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கத்துக்கே பத்தாண்டு செலவழித்து எழுதிய தாள்கள் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வரைந்து முடித்தால் வட்டத்திலிருந்து வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நம் நாயகர் பகா எண்ணாக இருந்து தொலைத்திருந்தால் 429 கோடிப் பக்கத்துக்கும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆய்லர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இருக்கை ஏற்பாடு

இதில் கவனக்குறைவு கூடாது. நாயகரை எக்காரணம் கொண்டும் கணினியின் 32 பிட் நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள். அங்கே அதிகபட்சம் 4294967295 வரைதான் உட்காரலாம். அடுத்தவர் உட்கார்ந்தால் பூஜ்யமாகிவிடுவார், அதற்கும் அடுத்தவரான நாயகர் வெறும் 1 ஆகிவிடுவார். 429 கோடியாக வந்தவரை ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிய பழி உங்களைச் சேரும். பழைய இணைய முகவரிகள் இந்த அளவு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன. உலகம் முழுவதற்கும் 4294967296 முகவரிகள், 2011 பிப்ரவரியில் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. நாயகர் தன் மதிப்பளவுக்கு முகவரிகள் கேட்டிருந்தால் அவருக்கு ஒன்று குறைந்திருக்கும்.

அடுத்த விழா

ஒரு விழா முடிந்தால் அடுத்ததற்கு அச்சாரம் போடுவது மரபு. நாயகரின் பிள்ளை 18446744073709551617. இவரை 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் தம் 82ஆவது வயதில் உடைத்தார்: 274177 × 67280421310721. இருபது இலக்கத்தை ஒரே மூச்சில் வாசிக்க நல்ல குரல் தேவை. இல்லையென்றால் இந்த விழாவுக்கு ஆசைப்படாதீர்கள். அதற்கடுத்தவர் 1970 வரை தாக்குப்பிடித்தார். 65537க்குப் பிறகு வந்தவர்களில் சோதிக்க முடிந்த ஒருவர்கூட இன்றுவரை பகா எண்ணாகத் தேறவில்லை. ஃபெர்மா பார்த்த ஐவரோடு அந்தப் பெருமை நின்றுவிட்டது.

துணிச்சல் உள்ள அமைப்பாளர்களுக்கு ஒரு பரிந்துரை உண்டு. 3ஐப் பூஜ்யமாவது தலைமுறை என்று வைத்தால் நம் நாயகர் ஐந்தாவது. அந்தக் கணக்கில் 32ஆவது தலைமுறை வரை எல்லோருடைய சங்கதியும் வெளுத்துவிட்டது. 33ஆவது ஆள் பற்றி ஒரு காரணியும் கிடைக்கவில்லை, சோதித்து முடிக்கவும் இதுவரை ஆள் இல்லை. அவருக்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பக்கத்துக்கு 3000 இலக்கம் என்று நெருக்கி அடித்தாலும் அழைப்பிதழ் 8,61,943 பக்கம் வரும். அச்சகத்தில் முன்பணம் கொடுக்கும்போதே தாள் விலையைப் பேசிவிடுங்கள். பட்டம் போடும் இடத்தில் மட்டும் ஓர் எழுத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். அங்கே வருவது பகா எண்ணா, பகு எண்ணா என்று எத்தனை முறை ஆள் அனுப்பிக் கேட்டாலும் உங்களால் பதில் சொல்ல முடியாது.